கொஞ்சம் விட்டு அறுக்கட்டுமா?

"ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் விட்டு அறுக்கட்டுமா தம்பி?"

"வேண்டாம்ணே. சரியா பதினெட்டுக்கு ஒன்பது. மெஷின் வேலை, மில்லிமீட்டர் கணக்கு."

இவ்வளவுதான் பேச்சு. மெஷின் என்றது, கம்ப்யூட்டரில் போட்ட டிசைன்படி மரத்தில் எழுத்துச் செதுக்கும் என் மெஷின். ஆசாரி அண்ணன் தலையை ஆட்டிவிட்டு அறுக்கப் போய்விட்டார். மூன்று மாதம் ஆகிறது, இன்னும் இதைத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பலகை கெட்டதைவிட, "மெஷின் வேலை" என்று சொன்னபோது என் குரலில் இருந்த தோரணைதான் உறுத்துகிறது. நாற்பது வருடமாக மரத்தை நூல் கணக்கில் அளக்கிறவரிடம் அதைச் சொன்னேன். ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம், மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அவருடைய கை அரை நூலுக்குள் நிற்கும். எனக்கு அது போதவில்லையாம்.

பலகை என்னுடையதாக இருந்திருந்தால் இவ்வளவு யோசிக்க மாட்டேன். இடித்த பூர்வீக வீட்டின் கதவிலிருந்து கழற்றிய பர்மா தேக்கு, 24 அங்குல நீளம், 11 அங்குல அகலம். புது வீட்டு வாசல் சுவரில் 18க்கு 9 குழி விட்டுப் பூசியிருந்தார்கள், அதற்குள் பெயர்ப்பலகை உட்கார வேண்டும். கொண்டுவந்த சார், "ஒரு துண்டுகூட வீணாக்கிடாதீங்க தம்பி, எங்க தாத்தா காலத்துது" என்று இரண்டு முறை சொன்னார். ஓரம் விட்டு அறுத்தால் அந்த ஓரம் கடைசியில் குப்பைக்குத்தானே போகும், மிச்சத்தை முழுத் துண்டாகத் திருப்பிக் கொடுக்கலாமே என்றுதான் அப்படிச் சொன்னேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி உண்மை. மீதி, அவர் கேள்வியை நான் காதில் வாங்கவே இல்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், மற்ற அளவுகளில் ரொம்பக் கவனமாக இருந்தேன். பழைய பெயின்ட் போக இழைத்ததில் பலகையின் கனம் குறைந்திருக்கும் என்று தோன்றி வெர்னியர் அளவுகோலில் நாலு மூலையும் பார்த்தேன். நான் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தது 25 மில்லிமீட்டர், கையில் இருந்தது 22. பலகை படுக்கும் மேசையை, அதாவது மெஷினின் பெட்டை, உயரக் கணக்குக்குப் பூஜ்யமாக வைத்து அந்த 25-ஓடு ஓட்டியிருந்தால் மேல்பரப்புக்கு மூன்று மில்லிமீட்டர் மேலேயே செதுக்கும் பிட் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும், மூன்று மில்லிமீட்டர் ஆழ எழுத்து மரத்தைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கும். மேல்பரப்பைப் பூஜ்யமாக வைத்தால் இதற்கு நேர்மாறு, மாட்டும் துளையைப் பலகையைத் தாண்டிப் பெட்டுக்குள்ளேயே இறக்கிவிடும். அதைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனவன் நான். திரும்பி வந்து பலகையைப் பெட்டில் வைத்த பிறகுதான் பலகையை நகராமல் பிடிக்கும் கிளாம்ப் போட இடமே இல்லை என்பது தெரிந்தது.

டிசைனில் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு, விளிம்பிலிருந்து ஆறு மில்லிமீட்டரில். கிளாம்ப் ஒவ்வொன்றும் ஓரத்தில் ஓர் அங்குலமாவது பிடிக்கும். பிட் அந்த வழியாக வந்தால் இரும்பில் மோதும். இதை யோசிக்க வெர்னியர் தேவையில்லை, இரண்டு கண் போதும்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். சாருக்கு போன் போட்டு ஓரக்கோடு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன், பலகையின் அடியிலும் பெட்டிலும் பேப்பர் டேப் ஒட்டி, நடுவே உடனடிப் பசை விட்டு அழுத்தினேன். ப்ளைவுட்டில் பல தடவை செய்தது, ஒருமுறைகூட நகர்ந்ததில்லை. ஆனால் தேக்கில் எண்ணெய் உண்டு, சாதாரணமாகவே அதில் பசை பிடிக்கத் தயங்கும், இதில் புதிதாக இழைத்த தூசியை வேறு நான் சரியாகத் துடைக்கவில்லை. எழுத்தெல்லாம் அருமையாக வந்தது. கடைசியாக ஓரக்கோடு. மூன்றாவது பக்கம் வரும்போது சத்தம் மாறியது, கையை நீட்டி நிறுத்துவதற்குள் பலகை திரும்பிவிட்டது, இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மெஷின் நிற்கவில்லை, அது பாட்டுக்குப் போனது. மோட்டார் இத்தனை அடி எடுத்து வை என்றால் வைக்கும், கீழே பலகை இருக்கிறதா நகர்ந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த மெஷினை நம்பித்தான் ஆசாரி அண்ணனிடம் அந்தத் தோரணை.

அப்புறம் நடந்தது ஒட்டுவேலை. கோணிய கோடு போகும்வரை நாலு பக்கமும் அரை அங்குலம் அறுக்கச் சொன்னேன், பலகை 17க்கு 8 ஆனது. எழுத்துக்கு வெளியே நல்லவேளையாக இடம் இருந்தது. ஆனால் குழி 18க்கு 9, சுற்றிலும் அரை அங்குல இடைவெளி. என்ன செய்வது என்று நின்றபோது ஆசாரி அண்ணன் உள்ளே போய் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு நீளத் துண்டை எடுத்து வந்தார். முதலில் அகலத்தைக் குறைத்தபோது விழுந்த மிச்சம். "எதுக்கும் இருக்கட்டும்னு வச்சிருந்தேன்." அதைக் கீறி மூன்று ரீப்பர் எடுத்து, சுற்றிலும் சட்டம் மாதிரி அடித்தோம். அதே மரம், அதே நிறம்.

சார் வந்து பார்த்துவிட்டு, "இந்தச் சட்டம் நான் கேட்கவே இல்லையே, நீங்களா யோசிச்சீங்களா? பிரமாதம்" என்றார். நான் சிரித்தேன். ஆசாரி அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை. சார் கேட்டது கிடைத்தது, பார்த்தால் கேட்டதைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டவன் நான்.

சில நாள் வேறு மாதிரியும் தோன்றும். ஆசாரி அண்ணன் அன்றைக்குக் கேட்டது கிளாம்ப்பை நினைத்தா? அவர் மெஷினைப் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை. ஓரம் விட்டு அறுப்பது அவர் பழக்கம், எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார். அப்படியானால் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை, நான் ஏன் என்னை மட்டும் குடைந்துகொள்ள வேண்டும்? இப்படி யோசித்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம், அந்தப் பழக்கம் எதனால் வந்தது என்று யோசித்தால் மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

இப்போது நாலு பக்கமும் ஓர் அங்குலம் கூட்டித்தான் அளவு எழுதுகிறேன், செதுக்கி முடித்த பிறகு ஓரத்தை அறுக்கிறோம். இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளவு டேப் வைத்துப் பார்க்கிறேன். மெஷின் அளவைத் தொடங்கும் பூஜ்யத்தை மூலையில் வைக்காமல் நடுவில் வைக்கிறேன், பலகை ஒரு நூல் கூடக் குறைய இருந்தாலும் அது இரண்டு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரிந்துவிடும். பிட்டை மேலே தூக்கி ஒரு சுற்று வெறுமனே ஓட விட்டுக் கிளாம்ப்பில் இடிக்கிறதா என்றும் பார்க்கிறேன். இவ்வளவும் செய்துவிட்டு, போன வாரம் ஒருவர் ஏற்கெனவே அறுத்த மாம்பலகையைக் கொண்டுவந்தபோது மறுபடியும் பேப்பர் டேப், பசை. நகரவில்லை.

ஆசாரி அண்ணன் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்த அளவை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கிறார், அப்படியே அறுத்து வைக்கிறார். கோபமா, இல்லை நான் ஓரம் சேர்த்துத்தான் எழுதியிருப்பேன் என்ற நம்பிக்கையா, கேட்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.