ஒரே அறையில் ஒண்ணாப்பு, ரெண்டாப்பு, மூணாப்பு

18 ஜூன் 2024, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து சனிக்கிழமையே விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன, ராமேஸ்வரத்துக்கு அருகே எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் கலகலப்பு, பிள்ளைகள் வாயில் மீன் பேச்சுதான். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், நான்கும் ஐந்தும் பக்கத்து அறையில் தலைமையாசிரியரிடம். ஒவ்வொரு பருவத்திலும் என்னதான் நடத்துகிறீர்கள் என்று கேட்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் பருவத்தில் ஒண்ணாப்புக்கு எழுத்து அறிமுகம். நான் ட, ப, ம என்றுதான் தொடங்குவேன். ட எழுத கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். மேலே புள்ளி வைக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டால் படம், மடம், பட்டம் என்று அந்த வாரமே வாசித்துவிடுவார்கள். அ, ஆ-வின் சுழி மெதுவாக வரட்டும்.

5 ஜூலை 2024, வெள்ளி

இன்று ஓர் அம்மா வந்து, "மூணாப்புப் பையனை ஏன் டீச்சர் சின்னப் பிள்ளைகளோட உட்கார வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நியாயமான வருத்தம். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியான மூன்று நிலை பார்த்துத்தான் உட்கார வைக்கிறோம், வயதைப் பார்த்து இல்லை. போன வருஷம் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டதால் பாதி நாள் பள்ளிக்கே வராத பிள்ளை அவன், எழுத்துக் கூட்டவே தடுமாறுகிறான், அவனுக்கு மூணாப்புப் பாடத்தை மட்டும் நடத்திக்கொண்டே போனால் அது அவன் தலைக்கு மேலேயே போய்விடும். கணக்கில் அவன் மலர். தமிழுக்கு அரும்பு, கணக்குக்கு மலர் என்று ஒரே நாளில் இடம் மாறி உட்காரலாம், அதில் கேவலம் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

25 நவம்பர் 2024, திங்கள்

இரண்டாம் பருவம். ஒண்ணாப்பு கால், கொம்பு எல்லாம் போட்டு வாசிக்கிறது, ரெண்டாப்புக்கு இரண்டு இலக்கக் கூட்டல், மூணாப்புக்கு நீட்டலளவை.

20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழைதான் இன்றைக்குப் பாடம். 40 எவ்வளவு என்று சுவரில் குறிக்கச் சொன்னேன். ஸ்கேலில் இருப்பது 30. ரெண்டாப்புப் பிள்ளை ஒன்று, "இன்னும் பத்து வேணும்" என்று கத்தியது, மூணாப்பு அளந்து கோடு போட்டது, ஒண்ணாப்பு வரிசையாக அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று முட்டியைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டது. அப்புறம் ஒருத்தி, "எங்க சித்தி வீட்ல தங்கச்சிமடத்துல இடுப்பு வரைக்கும் தண்ணி டீச்சர்" என்றாள். மழை 40 சென்டிமீட்டர்தானே, தண்ணீர் எப்படி இடுப்பு வரை வந்தது? அருமையான கேள்வி அது. பெய்த தண்ணீர் ஓடாமல், மண்ணுக்குள் இறங்காமல் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் இருக்குமோ அதுதான் மழை அளவு, பள்ளமான இடத்துக்குச் சுற்றியுள்ள தண்ணீரும் வந்து சேரும் என்று தட்டில் ஊற்றிக் காட்டினேன்.

12 மார்ச் 2025, புதன்

மூன்றாம் பருவம், வகுத்தல். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி 25. ஒண்ணாப்பு எண்ணியது, ரெண்டாப்பு பத்துப் பத்தாகக் குவித்து இரண்டு பத்து, ஐந்து ஒன்று என்றது, மூணாப்பு நாலு பேருக்குப் பிரித்து ஆளுக்கு 6, மீதி 1 என்று எழுதியது. உடனே ஜூலையில் சொன்னேனே, அந்த மூணாப்புப் பையன், "வத்தைக்கு ஒரு பங்கு போடலியே டீச்சர்!" என்றான். வத்தை என்றால் சிறிய நாட்டுப்படகு, மீனைப் பங்கு போடும்போது படகுக்கும் ஒரு பங்கு. வத்தையையும் சேர்த்தால் ஐந்து பங்கு, பங்குக்கு 5, மீதி இல்லை. கரையில் தினமும் பார்க்கிற கணக்கு இது. தொழிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு மீதி என்பதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை எழுதத்தான் பழக்க வேண்டும்.

தமிழில் அரும்பிலிருந்த அந்தப் பையன் இப்போது மொட்டுக்கு வந்துவிட்டான். ஏப்ரல் 15-லிருந்து மறுபடி தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பீர்கள், தினமும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், புத்தகங்களைக் கொடுத்தனுப்புகிறேன்.