குடம் நாலா மூணா

போன ஆடி மாசம் எங்க ஊர் அம்மன் கோயில்ல ஒரு ஜோடி குத்துவிளக்கு காணோம். எங்க அத்தை அவங்க மாமியார் ஞாபகமா வாங்கிக் குடுத்தது, அடியில பேரும் வருஷமும் வெட்டியிருக்கும், அத்தை கோயிலுக்குப் போனா அம்மனைப் பாக்குறதுக்கு முன்னாடி அந்த விளக்கைத்தான் பாப்பாங்க (கேட்டா இல்லவே இல்லைன்னு சாதிப்பாங்க). பாலிஷுக்குப் போயிருக்குன்னு ஒருத்தர் சொல்றாரு, அது தை மாசமே போச்சேன்னு இன்னொருத்தர், கடைசில பாத்தா கமிட்டிக்காரர் ஒருத்தர் வீட்டுக் காதுகுத்துக்கு எடுத்துட்டுப் போனது அவங்க பரண்லயே கிடக்கு. திருட்டெல்லாம் இல்ல. எழுதி வைக்கல, அதனால தேடவும் இல்ல, அவ்ளோதான். திரும்பி வந்தப்போ ஒரு விளக்குல மேல இருக்குற அன்னம் இல்ல. அது எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு ரிஜிஸ்டர் போட்டா என்ன"ன்னு வாயத் தொறந்தேன், சரி நீயே போடுன்னு தலையில கட்டிட்டாங்க.

அறநிலையத் துறைக்குக் கீழ வர்ற கோயில்னா 1959 சட்டத்துலயே சொத்துப் பதிவேடு வைக்கணும்னு இருக்கு, செயல் அலுவலர், தக்கார், நகை சரிபார்ப்புன்னு ஆள் இருக்காங்க, அது எவ்ளோ ஒழுங்கா நடக்குதுங்கிறது வேற கதை. எங்களது ஊர்க்காரங்களே பாத்துக்கிற கோயில், இங்க தலைவரோட ஞாபகம்தான் பதிவேடு. டிரங்குப் பெட்டில தேடுனதுல 1987 கும்பாபிஷேகத்தப்போ யாரோ அழகான கையெழுத்துல எழுதுன ஒரு நோட்டு கிடைச்சுது, பாதி கரையான் தின்னது. அத வச்சுக்கிட்டு நானும் இன்னும் மூணு பசங்களும் ஒரு எலக்ட்ரானிக் தராச கடன் வாங்கி மண்டபத்துல உக்காந்து ஒவ்வொண்ணா எடை போட ஆரம்பிச்சோம்.

மாமா ஒருத்தருக்குக் கோவம் வந்துருச்சு. "சாமி சொத்த தராசுல வைக்கிறியா? அவ்ளோ நம்பிக்கை இல்லாமப் போச்சா எங்க மேல?"

இந்தக் கேள்விய இந்தப் பேச்சு எடுக்குற எல்லாரும் ஒரு தடவையாவது வாங்கியிருப்பாங்க. நான் தஞ்சாவூர சொன்னேன். பெரிய கோயில 1010ல கட்டி முடிச்ச ராஜராஜன், நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மத்தவங்க குடுத்ததும் எல்லாத்தையும் விமானத்துக் கல்லுலயே வெட்டுங்கன்னு உத்தரவு போட்டவர். வெறும் பேரு மட்டும் இல்ல, எடை. பொன்னுக்கு ஆடவல்லான்னு ஒரு எடைக்கல், மணி வச்ச நகைக்கு தட்சிணமேரு விடங்கன்னு இன்னொரு கல், அரக்கு சேத்தா சேக்காமலான்னு கூட எழுதியிருக்கு. கோயில்ல ஆடுறதுக்குக் கொண்டு வந்த 400 பெண்கள் எந்தச் சிறகுல (தெருவோட எந்தப் பக்க வரிசைல), எத்தனாவது வீட்டுல குடியிருந்தாங்கங்கிறது வரைக்கும் செவுத்துல இருக்கு. ராஜாவே தன் நகைய எடை போட்டு ஊர் பாக்க எழுதி வச்சிருக்காரு, நம்ம செம்புக்குடத்துக்கு என்ன மாமா வந்துச்சு?

உத்திரமேரூரையும் சேத்து சொல்லித் தொலைச்சேன். அங்க பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுல, வாரியத்துல, அதாவது ஊர்க் கமிட்டில இருந்துட்டு கணக்குக் காட்டாதே இருந்தவர் திரும்ப நிக்க முடியாது, அவர் மட்டும் இல்ல, அவரோட நெருங்குன சொந்தக்காரங்களுக்கும் அதே கதி. அது கோயில் கணக்குக்குன்னு போட்ட சட்டம் இல்ல, ஊர்ச்சபைக்குப் போட்டது, ஆனா எழுதி வச்சது கோயில் செவுத்துல. மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. போன கும்பாபிஷேகத்துக்குப் பொருளாளர் அவருதான்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது.

அந்த கும்பாபிஷேகத்துல மீந்த பணம் அன்னதானத்துக்குன்னு பேங்குல போட்டது. போன வருஷம் அத எடுத்து ஆர்ச் கட்டிட்டாங்க. யாரும் பாக்கெட்டுல போட்டுக்கல, ஆர்ச் கண்ணு முன்னாடிதான் நிக்குது, பெயிண்டெல்லாம் பளபளன்னு. ஆனா சோத்துக்குக் குடுத்தவங்க ஆர்ச்சுக்கா குடுத்தாங்க? பழைய கல்வெட்டுல சாவா மூவாப் பேராடுன்னு ஒண்ணு வரும், எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை. அணையாம எரியுற ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு குடுப்பாங்க, அத ஒரு இடையர் கையில ஒப்படைச்சா தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு வரணும். ஆடு சாகும், கிழடாகும், குட்டி போடும், அது அவரு பாடு, கணக்குல மட்டும் எப்பவும் 96. அந்த மூலதனத்துல கை வைக்கவே முடியாது. எங்க கமிட்டி ஆட்டையே அடிச்சு ஆர்ச்சுல மாட்டிடுச்சு.

கணக்கு எடுக்காம விட்டா என்ன ஆகும்னு கேட்டா அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான நினைச்சுக்கணும். சோழர் காலத்துக் கோயில், பூசை நின்னு போய் பூட்டியே கிடந்துச்சு, உள்ள வெண்கலச் சிலைங்க. 2006ல நடராஜர் உட்பட சிலைங்க திருடு போயிருக்கு. ஊருக்குத் தெரிஞ்சது 2008ல, பாதுகாப்பா வேற இடத்துக்குக் கொண்டு போகலாம்னு அதிகாரிங்க வந்து கதவத் தொறந்தப்போ. நடுவுல யாரும் உள்ள எட்டிப் பாக்கல. அதே 2008ல அந்த நடராஜர ஆஸ்திரேலியா தேசிய கேலரி 50 லட்சம் அமெரிக்க டாலர் குடுத்து வாங்கி கண்ணாடிக்குள்ள நிக்க வச்சிருச்சு. இது நம்ம சாமிதான்னு காட்டிக் குடுத்தது என்ன தெரியுமா, பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரங்க 1994ல அந்தக் கோயில்ல எடுத்து வச்ச போட்டோ. யாரோ வேலையா வந்தவங்க எடுத்துட்டுப் போய் ஒழுங்கா ஃபைல் பண்ணி வச்ச ஒரு கருப்பு வெள்ளைப் படம். 2014ல சிலை திரும்பி வந்துச்சு. படம் இல்லாம இருந்திருந்தா அது நம்மதுன்னு எத வச்சு சொல்லியிருப்போம்?

அதனால போட்டோவும் எடுத்தோம், ஒவ்வொரு பொருளுக்கும் நாலு பக்கம், பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு. வெட்டியிருந்த பேரெல்லாம் படிக்கிறதுதான் லேட் ஆச்சு, களிம்பு ஏறிப் போய் புளி போட்டுத் தேச்சாதான் எழுத்தே தெரியுது. செத்துப் போன எத்தனையோ ஆயாங்க பேரு ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு.

நான் எதிர்பாக்காதது பூசாரி அண்ணன். சாவி அவருகிட்ட இருக்கு, அவருக்குத்தான் முதல்ல கோவம் வரும்னு நினைச்சு அவர்கிட்ட பேசவே தயங்கிட்டு இருந்தேன். ரெண்டாவது நாள் சாயங்காலம் நட சாத்திட்டு வந்து திண்ணையில உக்காந்தாரு. "தம்பி, எழுதி முடிச்சதும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் குடுத்துரு. அந்த விளக்கு காணோம்னு ஆனப்போ பரண்ல கிடைக்கிற வரைக்கும் ஊரே என்னைத்தான் பாத்துச்சு. வீட்டுல சோறு இறங்கல." நான் தலைய ஆட்டுனேன், அதுக்கு மேல எனக்குப் பேச வரல.

ரிஜிஸ்டர்ல 63 பொருள் ஏறியிருக்கு, ஒரு காப்பி அண்ணன்கிட்ட, ஒண்ணு தலைவர்கிட்ட, ஒண்ணு மண்டபத்து போர்டுல ஒட்டியிருக்கு, ஆடி வந்தா திரும்ப எடை போடணும்னு மாமாவே கையெழுத்துப் போட்டிருக்காரு. 87 நோட்டுல செம்புக்குடம் 4ன்னு இருக்கு. எங்க கையில இருக்குறது 3ம் ஒரு பச்சை கலர் பிளாஸ்டிக் குடமும். நாலாவது வரிய காலியா விட்டு வச்சிருக்கேன்.