பக்கக் கணக்கில் ஒரு வாழ்க்கை

அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி வரைந்த சண்டைக் காட்சியை முதலில் பார்த்தபோது, குத்து காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது போல இருந்தது. அந்தப் பிரமிப்பு இன்னும் போகவில்லை. 1960களில் மார்வெல் காமிக்ஸ் கம்பெனிக்கு வரைந்தபோது அவர் மாதச் சம்பளக்காரர் இல்லை, வரைந்த பக்கத்துக்குத்தான் காசு. நாலு பிள்ளைகள் வேறு. லாங் ஐலண்ட் வீட்டின் அடித்தளத்தில் சின்ன அறை, வாயில் சுருட்டு, கையில் பென்சில், ராத்திரியெல்லாம் வேலை. ஹல்க், தோர் போன்ற சூப்பர் ஹீரோ பாத்திரங்கள் எல்லாம் மார்வெல் எழுத்தாளர் ஸ்டான் லீயுடன் சேர்ந்து அப்படி உருவாக்கியவைதான், ஆனால் உரிமை முழுக்கக் கம்பெனிக்குப் போனது. தன் கையால் வரைந்த அசல் பக்கங்களைத் திரும்ப வாங்கவே பல வருஷம் போராடி, எழுபது வயதை ஒட்டி, 1987இல்தான் ஒரு பகுதி கைக்கு வந்தது. நினைத்தால் மனசு ஆறவில்லை. 1994இல் போய்விட்டார். அந்த உரிமைத் தகராறில் அவர் குடும்பத்துக்கும் மார்வெலுக்கும் சமரசம் ஆனது 2014இல்.