கிராஃபைட்டில் முட்டிக்கொண்டு நிக்கலைத் தேடியது

சிறிய நிக்கல்-தாமிரப் படிவு ஒன்றைத் தேடும் குழுவில் வேலை பார்த்தேன். துளை போடுவதுதான் பெரிய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எங்கே போட வேண்டாம் என்று முடிவு செய்யத்தான் எங்களுக்கு அதிக காலம் பிடித்தது.

மண் மாதிரிகளில் நிக்கல் பல இடங்களில் ஏறியிருந்தது. அதை மட்டும் நம்ப முடியாது. ஆலிவின் என்ற பச்சை நிறக் கனிமம் நிறைந்த பாறையில் சுமார் 0.2 சதவீத நிக்கல் இயல்பாகவே இருக்கும். பாறை சிதைந்து மண்ணாகும்போது அது இன்னும் செறியும். நாங்கள் தேடியது சல்பைடு, அதாவது கந்தகத்தோடு உலோகம் சேர்ந்த தாது. அது இருந்தால் தாமிரமும், பிளாட்டினம் வகை உலோகமான பல்லேடியமும் கூடவே வரும் என்பதால், அவையும் சேர்ந்து ஏறிய இடங்களை மட்டும் வைத்துக்கொண்டோம். வரைபடத்தின் சிவப்புத் திட்டுகளில் பெரும்பாலானவை அதிலேயே கழிந்தன.

அப்புறம், நிலத்தடியில் மின்சாரம் கடத்தும் பாறையைத் தேடும் மின்காந்த ஆய்வு. கட்டியான சல்பைடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பென்சில் கரியான கிராஃபைட்டும் கடத்தும், அதுதான் தொல்லை. முதல் துளையில் வந்த கோர் எனும் உருளைப் பாறை மாதிரியைத் தொட்டதும் விரல் கருத்தது: கிராஃபைட் கலந்த சிஸ்ட், அதாவது ஏடு ஏடாகப் பிளக்கும் உருமாறிய பாறை.

எல்லோருக்கும் எரிச்சல். ஆனால் அந்தப் பாறையில் கந்தகமும் இருந்தது. மேக்மா, அதாவது பாறைக் குழம்பு, மேலே வரும் வழியில் இப்படிப்பட்ட பாறையைக் கரைத்துக் கந்தகத்தை வாங்கிக்கொண்டால், சல்பைடு உருகல் எண்ணெயும் தண்ணீரும்போலப் பிரிந்துவிடும். சுற்றியுள்ள நிக்கலையும் தாமிரத்தையும் உறிஞ்சிக்கொண்டு, கனத்தால் அடியில் தங்கும். எனவே சிஸ்ட்டை விட்டு விலகிப் போகாமல், அதன் மேல் கப்ரோ, அதாவது மேக்மா உறைந்த கரும்பாறை, உட்காரும் அடித்தளத்தைக் குறிவைத்தோம்.

அடுத்த துளையிலும் கப்ரோவின் அடியில் தூவினாற்போலச் சல்பைடு புள்ளிகள்தான். வேறு யாராவது என்றால் துளையை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். நல்லவேளை, துளைக்குள் கருவியை இறக்கி மின்காந்த அளவீடு எடுத்தோம். துளைக்குப் பக்கவாட்டில் வலுவான கடத்தி ஒன்று தெரிந்தது. என்னைக் கேட்டால், சிறிய படிவுக்குச் செலவைக் குறைக்கும்போது கடைசிவரை வெட்டக் கூடாதது இந்த அளவீடுதான்.

அதை நோக்கிப் போட்ட துளையில் கட்டிச் சல்பைடு வந்தது. கோர் பெட்டியைத் தூக்கவே இருவர் வேண்டியிருந்தது. வெண்கல நிறப் பைரோட்டைட் என்ற இரும்புச் சல்பைடு, இடையிடையே மஞ்சள் சால்கோபைரைட் என்ற தாமிரத் தாது. நிக்கலைத் தாங்கும் பென்ட்லாண்டைட்டைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். பைரோட்டைட்தான் மிகுதி என்பதால், கனத்தைப் பார்த்துத் தரத்தைக் கணித்தவர்களுக்கு ஆய்வக முடிவு கொஞ்சம் கசந்தது.

சுற்றிப் போட்ட துளைகளில் அடுக்கு சீக்கிரமே மெலிந்தது. தனியாக ஓர் ஆலை கட்டும் அளவுக்கு இல்லை. கனடாவின் வாய்சிஸ் பே என்ற நிக்கல் படிவில் மேக்மா ஏறி வந்த குழாயிலும் அது அகலும் இடத்திலும் தாது திரண்டிருக்கிறது. எங்கள் கப்ரோவுக்கும் ஒரு குழாய் இருந்தாக வேண்டும். இப்போது துளைகள் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன.