நிறைந்த வயிறும் நின்றுபோன தேடலும்: பூச்சி ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகள்

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு அடுத்து எங்கே செல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் இளம் ஆய்வாளர்கள் சிலர், பூச்சிகளின் உடலியங்கியலையும் நடத்தையையும் ஒருசேர ஆராயும் போஸ்ட்டாக் பணி கிடைத்தால் ஏற்றுக்கொள்ளலாமா என்று எனக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். அப்படியொரு பணியில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு அண்மையில்தான் வெளியே வந்திருக்கிறேன். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, அந்த ஆண்டுகளில் நான் எதைக் கற்றேன், எதைத் தாமதமாகக் கற்றேன் என்பதை இங்கே விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் முனைவர் பட்ட ஆய்வு முழுவதும் நடத்தை பற்றியது. பூச்சி எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது பறக்கிறது என்று காணொளிகளைப் பார்த்துக் கணக்கெடுத்தேனே தவிர, அந்த நேரத்தில் அதன் உடலுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கேட்டதில்லை. போஸ்ட்டாக் பணியில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட கேள்வி ஏடிஸ் எஜிப்டி கொசுவைப் பற்றியது. பெண் கொசு வயிறு நிறைய இரத்தம் குடித்துவிட்டால், முட்டைகள் முதிரும்வரை சில நாட்களுக்கு மனிதரைத் தேடுவதை நிறுத்திவிடுகிறது. முட்டையிட்ட பிறகு மீண்டும் தேடத் தொடங்குகிறது. டெங்குவைப் பரப்பும் கொசு இது என்பதால், வாழ்நாளில் எத்தனை முறை அது கடிக்கிறது என்பதைப் பொறுத்தே நோய் பரவும். மனித வாசனையும் மூச்சுக்காற்றும் அப்படியே இருக்க, நேற்று கையைத் தேடிப் பறந்து வந்த கொசு இன்று கூண்டின் சுவரில் அசையாமல் அமர்ந்திருக்கிறது என்றால், மாறியிருப்பது அதன் உடலின் நிலை. அந்த நிலையை அளக்காமல் நடத்தையை மட்டும் அளப்பது எவ்வளவு குறைபட்ட வேலை என்பதை உணர்வதற்கே எனக்கு ஓராண்டு ஆயிற்று.

வயிறு நிறைந்ததைப் பூச்சி எப்படி அறிகிறது என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1930களில் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த், இரத்தம் உறிஞ்சி வாழும் ரோட்னியஸ் என்ற பூச்சியை வைத்துச் செய்த சோதனைகளை இந்தத் துறைக்கு வருபவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்பேன். ரோட்னியஸ் தன் ஒவ்வொரு இளம்பருவத்திலும் ஒரே ஒரு முறை வயிறு முட்டக் குடித்துவிட்டு, பல நாட்கள் கழித்துத் தோலுரித்து அடுத்த பருவத்துக்குச் செல்கிறது. குடித்த உடனே தலையை நீக்கிவிட்டால் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது, ஆனால் தோலுரிப்பதில்லை. சில நாட்கள் கழித்துத் தலையை நீக்கினாலோ, தலையில்லாமலே தோலுரிக்கிறது. தலையை உடனே இழந்த பூச்சியையும் தாமதமாக இழந்த பூச்சியையும் இரண்டின் குருதியும் கலக்குமாறு இணைத்தபோது, முதலாவதும் தோலுரித்தது. மூளையிலிருந்து ஏதோ ஒரு பொருள் குருதிக்குள் வருகிறது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. அந்தப் பொருளை வெளியிடுமாறு மூளையைத் தூண்டுவது, வயிறு விரிவதால் எழும் நரம்புச் சமிக்ஞை.

அடுத்தது வின்சென்ட் டெத்தியர் இறைச்சியை மொய்க்கும் கருநிற ஈக்களில் செய்த ஆய்வு. பசித்த ஈயின் கால்களில் உள்ள சுவை மயிர்களில் சர்க்கரைக் கரைசல் பட்டதும் அது உறிஞ்சுகுழலை நீட்டும். வயிறு நிறைந்த ஈ நீட்டாது. முன்குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பை வெட்டிவிட்டால், அந்த ஈ நிறுத்தத் தெரியாமல் குடித்துக்கொண்டே போய் உடல் ஊதிப் பெருக்கும். 1969இல் ராபர்ட் குவாட்ஸ் கொசுவின் வயிற்றுப்புற நரம்பு வடத்தை வெட்டிப் பார்த்தபோதும் இதேதான் நடந்தது: கொசு வயிறு வெடிக்கும் அளவுக்கு இரத்தம் குடித்தது.

இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படித்தது இன்றும் நினைவிருக்கிறது. வயிறோ குடலோ இழுபடுவது என்ற ஒரே எளிய நிகழ்வு, ஒரு பூச்சியில் தோலுரித்தலைத் தொடங்கிவைக்கிறது, இன்னொன்றில் உணவை நிறுத்துகிறது, வேறொன்றில் மனிதரைத் தேடுவதையும் அடக்குகிறது. முதலாவதை உடலியங்கியல் என்றும் மற்ற இரண்டை நடத்தை என்றும் பிரிப்பது, பாடநூலில் அத்தியாயம் பிரிக்கும் நமக்குத் தேவைப்படலாம். பூச்சியின் நரம்புக்கு அந்தப் பிரிவு கிடையாது. பணியிட அறிவிப்புகளில் ‘உடலியங்கியல் மற்றும் நடத்தை’ என்று எழுதியிருப்பதைக் காணும்போது அந்த ‘மற்றும்’ என்ற சொல்லையே நான் இப்போது கூர்ந்து பார்க்கிறேன். இரண்டையும் உண்மையில் இணைக்கும் கேள்வி அந்த ஆய்வகத்தில் இருக்கிறதா, அல்லது இரு வேறு திட்டங்களை ஒரே ஆளிடம் சுமத்தப்போகிறார்களா என்பதை அறிவிப்பிலிருந்து கண்டுபிடிக்க முடியாது; நேர்காணலில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கொசுவின் கதை வயிறு விரிவதோடு முடிவதில்லை. குடித்த இரத்தம் செரித்து வயிறு சுருங்கிய பிறகும் தேடல் திரும்புவதில்லை. முட்டை முதிரும் காலத்தில் கொசுவின் சொந்தக் குருதியின் வழியே வரும் இரண்டாவது தடை ஒன்று இருக்கிறது. மார்க் கிளோடனும் ஆர்டன் லீயும் 1970களின் இறுதியில் இந்த இரு கட்டங்களையும் பிரித்துக் காட்டினார்கள். 2019இல் லாரா டுவால், லெஸ்லி வாஸ்ஹால் ஆகியோரின் குழு, கொசுவின் நியூரோபெப்டைடு (நரம்புச் செல்கள் வெளியிடும் சிறு புரதம்) ஏற்பிகளில் ஒன்று இந்த அடக்கத்தில் பங்குகொள்கிறது என்று கண்டறிந்தது. மனிதரின் பசியைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்ட மருந்துப் பொருட்களைக் கரைசலில் கலந்து குடிக்கக் கொடுத்தபோது, இரத்தமே குடிக்காத கொசுக்கள்கூட மனிதரைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டன. மனிதரின் பசியையும் கொசுவின் பசியையும் ஒரே வகை மூலக்கூறு தொட முடிகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். என் சோதனைக் கருவி ஒய் வடிவக் கண்ணாடிக் குழாய். ஒரு கிளையில் அணிந்து கழற்றிய நைலான் காலுறையின் வாசனையும் மறு கிளையில் தூய காற்றும் வரும். அடிப்பகுதியில் விடப்படும் கொசு எதிர்க்காற்றில் பறந்து எந்தக் கிளைக்குள் நுழைகிறது என்று பார்க்க வேண்டும். காற்றைக் கரி வடிகட்டி வழியே செலுத்தினேன், கையுறை அணிந்தேன், குழாயின் பக்கம் மூச்சு விடாமல் விலகி நின்றேன், எல்லாச் சோதனைகளையும் நாளின் ஒரே நேரத்தில் செய்தேன். அப்படியிருந்தும், இரத்தம் குடிக்காத கொசுக்கள் ஒரு நாள் பெரும்பாலும் வாசனையை நாடிச் சென்றன. மற்றொரு நாள் பாதிகூடச் செல்லவில்லை. ஐந்து மாதங்கள் குழாயையும் காற்றோட்டத்தையும் விளக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் குழாயில் இல்லை, வளர்ப்பறையில் இருந்தது. லார்வாக்களை எண்ணாமல் தோராயமாகத் தட்டுகளில் பிரித்திருந்தேன். நெரிசலான தட்டில் வளரும் லார்வாவுக்கு உணவு குறைகிறது. அதிலிருந்து வெளிவரும் கொசு சிறியதாக, கொழுப்பும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாச்சத்தும் குறைந்த உடலோடு வருகிறது. அப்படிப்பட்ட சிறிய ஏடிஸ் பெண் கொசு பல வேளைகளில் முதல் இரத்தத்தைத் தன் உடல் சேமிப்பை நிரப்பிக்கொள்ளவே செலவிடும். முட்டை முதிர்வதற்கு அதற்கு இன்னொரு முறை இரத்தம் வேண்டும். ஒரே நாளில் பிறந்து, ஒரே கூண்டில் இருந்து, ஒரே சர்க்கரைக் கரைசலைக் குடித்த கொசுக்கள் என்று நான் எழுதிவைத்தவை, உள்ளே வெவ்வேறு அளவு பசியோடு இருந்தன. இறக்கையின் நீளத்தை அளந்தால் உடலின் பருமன் தெரிந்துவிடும்; எளிய நுண்ணோக்கி ஒன்று போதும். வயதைக் குறித்தேன், வெப்பநிலையைக் குறித்தேன், இறக்கையை அளக்கவில்லை. அந்த ஐந்து மாதத் தரவையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு தட்டிலும் லார்வாக்களை எண்ணிப் போட்டு, உணவையும் எடைபோட்டுக் கொடுத்து, முதலிலிருந்து தொடங்கினேன்.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு பிழையைச் செய்யாமல் தப்பித்தது ஆய்வக நுட்பநர் ஒருவரின் புண்ணியம். ஆண், பெண் கொசுக்களைப் பிரிக்க அவற்றை மயக்க வேண்டும். பல பூச்சி ஆய்வகங்களில் அதற்குக் கரியமில வாயுவையே பயன்படுத்துகிறார்கள். கொசு மனிதரைக் கண்டுபிடிப்பதில் மூச்சில் வரும் கரியமில வாயுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நினைவூட்டி, பனிக்கட்டியின் மேல் குளிரவைத்துப் பிரிக்கும் முறையை அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அதன் பிறகும் ஓர் இரவு முழுவதும் ஓய்வு கொடுத்த பின்னரே சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். நுட்பநர்களிடமும் வளர்ப்பறைப் பணியாளர்களிடமும் உள்ள இத்தகைய அறிவு ஆய்வுக்கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

ஆகவே, பணியை ஏற்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் பூச்சி வளர்ப்பறையைப் பாருங்கள் என்பதே. நேரில் பார்க்க முடியாவிட்டால் காணொளி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். அங்கே பூச்சிகளை வளர்ப்பவர் யார், அவர் விடுப்பில் போனால் வேலையைப் பார்ப்பது யார், ஈரப்பதமும் ஒளியும் பதிவாகின்றனவா, எத்தனை தலைமுறைகளாக அந்தப் பூச்சிகள் ஆய்வகத்திலேயே இருக்கின்றன என்று கேளுங்கள். பல ஆண்டுகள் கூண்டுக்குள் வளர்ந்த பூச்சிக் கூட்டம், கூண்டு வாழ்க்கைக்கே தகவமைந்துபோயிருக்கும். அதன் நடத்தையைக் கொண்டு வெளியே வாழும் பூச்சியைப் பற்றிப் பேசுவதற்குத் தயங்க வேண்டும். கருவிகளைப் பற்றிய கேள்விகள் அதற்குப் பிறகுதான். விலையுயர்ந்த நரம்புப் பதிவுக் கருவி இருந்தும், சீரான பூச்சிகள் இல்லாமல் அதற்கு வேலையில்லாதிருந்த ஆய்வகத்தை நான் அறிவேன்.

இரண்டாவதாக, பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியையும் உங்கள் ஒப்பந்தக் காலத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக இரண்டு வாரங்களுக்குள் வளர்ந்துவிடும். அதன் முட்டைகளைத் தாளில் உலர்த்தி மாதக்கணக்கில் வைத்திருந்து வேண்டும்போது நீரில் இடலாம். என் ஐந்து மாத இழப்பை ஈடுசெய்ய முடிந்தது அதனால்தான். ஆண்டுக்கு ஒரே தலைமுறை காணும் பூச்சியையோ, கோடையில் மட்டும் கூடு கட்டும் காட்டுத் தேனீயையோ எடுத்துக்கொண்டால், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்பது இரண்டே வாய்ப்புகள். முதல் பருவம் கருவிகளைச் சரிசெய்வதிலேயே போய்விட்டால் மிஞ்சுவது ஒன்றுதான். ஒவ்வொரு கேள்விக்கும் அதை ஆராய்வதற்கென்றே அமைந்ததுபோன்ற விலங்கு ஒன்று இருக்கும் என்று டென்மார்க்கின் உடலியங்கியலாளர் ஆகஸ்ட் குரோ 1929இல் எழுதினார். அது உண்மைதான், ஒப்பந்தம் முடிவதற்குள் அந்த விலங்கு விடை தருமா என்பதையும் போஸ்ட்டாக் ஆய்வாளர் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

சம்பளம் பேராசிரியரின் திட்ட நிதியிலிருந்து வந்தால் கேள்வி பெரும்பாலும் முன்பே முடிவாகியிருக்கும். நீங்களே விண்ணப்பித்துப் பெறும் உதவித்தொகையானால் கேள்வி உங்களுடையது. இரண்டுக்கும் அதனதன் நன்மைகள் உண்டு. எந்தப் பகுதியை நீங்கள் பிறகு உங்களுடன் எடுத்துச் செல்லலாம் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே எழுத்தில் பேசிக்கொள்வது நல்லது.

புள்ளியியலில் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். ஒரே தட்டில் வளர்ந்து ஒரே கூண்டில் இருந்த ஐம்பது கொசுக்கள் ஐம்பது தனித்தனிச் சான்றுகளாக ஆகா. அந்தத் தட்டில் நெரிசல் இருந்திருந்தால் ஐம்பதும் சேர்ந்தே பிழைபடும். தட்டுதான் அங்கே அலகு. அது போலவே, எந்தக் குழாயில் எந்தக் குழுவின் கொசு இருக்கிறது என்று அறியாத ஒருவர் கணக்கெடுக்குமாறு ஏற்பாடு செய்ய வேண்டும். இதைச் செய்யத் தொடங்கியபோது என் முடிவுகள் சில மெலிந்துபோயின. மெலியாமல் நின்றவற்றைத்தான் இப்போது நம்புகிறேன்.

முதுகெலும்பு விலங்குகளுக்கு உள்ள சோதனை விதிமுறைகள் பல நாடுகளில் பூச்சிகளுக்குக் கிடையாது. நரம்பை வெட்டும் சோதனைகளை நானும் செய்திருக்கிறேன். பூச்சி வலியை எப்படி உணர்கிறது என்பது முடிவாகாத கேள்வி; முடிவாகவில்லை என்பதையே கவனத்துக்கான காரணமாக எடுத்துக்கொள்கிறேன். வெட்டுவதற்கு முன் முழுவதும் குளிரவைப்பது, தேவைக்கு மேல் ஒரு பூச்சியைக்கூடப் பயன்படுத்தாமலிருப்பது, சோதனை முடிந்ததும் உறையவைத்து விரைவாக முடித்துவிடுவது ஆகியவற்றை யாரும் கேட்காமலே கடைப்பிடித்தோம்.

மூன்றாம் ஆண்டின் இறுதியில் செய்த சோதனையில், இறக்கை நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருந்த பெண் கொசுக்களுக்குச் சவ்வு வழியே இரத்தம் கொடுத்து, தனித்தனிக் குப்பிகளில் வைத்து, நாள்தோறும் ஒரு பகுதியைக் குழாயில் விட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு நாட்களும் அவை அடிப்பகுதியை விட்டு அசையவில்லை. நான்காம் நாள் காலையில் ஒரு குப்பியின் ஈரத்தாளில் கருநிற முட்டைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கொசுவை மறுநாள் குழாயில் விட்டபோது, சில நொடிகள் நின்றிருந்துவிட்டு எதிர்க்காற்றில் எழும்பிக் காலுறை இருந்த கிளைக்குள் சென்றது. குப்பியின் எண்ணையும் நேரத்தையும் இறக்கை நீளத்தையும் ஏட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த குப்பியைத் திறந்தேன்.