மூளைப் பெப்டைடுகளும் தாங்குதிறனும்: தேர்வுக்கு நான் படித்த முறை

நரம்பு மருந்தியல் தேர்வில் மூளைப் பெப்டைடுகளுக்கு (மூளையில் உண்டாகும் அமினோ அமிலச் சங்கிலிகளுக்கு) விலங்குகளிடம் தாங்குதிறன் உருவாவது, அதாவது திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது அதே அளவின் விளைவு குறைவது பற்றிக் கேட்டால், ஏற்பி (மருந்து பிணையும் செல் புரதம்), நொதி, மரபணு என்று காரணங்களை அடுக்கிவிட்டு எழுந்துவருவோர் பலர். விளைவு குறைந்தது என்றால் அது எந்த மட்டத்தில் குறைந்தது என்று முதலில் பிரித்துப் பார்த்துப் படித்ததே எனக்குக் கைகொடுத்தது.

1975-இல் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து பிரித்தறிந்த என்கெஃபலின்கள் என்னும் வலித்தணிப்புப் பெப்டைடுகள் 5 அமினோ அமிலங்களே கொண்டவை. எலியின் மூளை அறைக்குள் நேரடியாகச் செலுத்தினாலும் பெப்டைடேஸ் நொதிகள் அவற்றை விரைவாகச் சிதைத்துவிடுவதால், வலித்தணிப்பு சற்று நேரத்திலேயே மறைந்துவிடுகிறது. இதைத் தாங்குதிறன் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். மருந்தே அங்கு மிஞ்சவில்லை. ஆகவே 31 அமினோ அமிலங்கள் கொண்ட, நீடித்துச் செயல்படும் பீட்டா-எண்டார்ஃபினை எடுத்துக்காட்டாகக் கொள்ளுங்கள். அதைத் தொடர்ந்து செலுத்தும்போது அதே அளவுக்குக் கிடைக்கும் வலித்தணிப்பு படிப்படியாகக் குறைவதுடன், மார்பினுக்கும் குறுக்குத் தாங்குதிறன் தோன்றுகிறது, அதாவது மார்பினின் விளைவும் குறைகிறது. அந்நிலையில் ஒபியாய்டு (மார்பின் வகைப் பொருள்) ஏற்பிகளைத் தடுக்கும் நாலாக்சோனைக் கொடுத்தால், நனைந்த நாயைப் போல எலி உடலை உதறுவதும் கூண்டிலிருந்து தாவ முயல்வதும் உடற்சார்பின், அதாவது உடல் அந்த மருந்துக்குப் பழகி அது இல்லாமல் தவிப்பதன் அறிகுறிகள்.

விடைத்தாளில் மருந்தளவு-விளைவு வளைகோட்டை வரைந்து, அது வலப்புறம் நகர்வதை (அதே விளைவுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவதை) காட்டுவது ஒரு பக்க விளக்கத்துக்கு ஈடாகும். சூடு பட்ட வாலை எலி எவ்வளவு நேரத்தில் இழுத்துக்கொள்கிறது என்று அளக்கும் வால் இழுப்புச் சோதனையில் திசு கருகாமலிருக்க நேர வரம்பு வைப்பார்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். அந்த உச்சத்தை எல்லா எலிகளும் தொடும் அளவில் சோதித்தால், தாங்குதிறன் உருவாகியிருந்தாலும் கண்ணில் படாது.

செல் மட்டத்தில், ஏற்பியில் பாஸ்பேட் சேர்வதும் ஏற்பியின் சமிக்ஞையை நிறுத்தும் அரெஸ்டின் புரதம் பிணைவதும் ஏற்பி உள்ளிழுக்கப்படுவதும் சில நிமிடங்களில் நிகழ்பவை. ஒபியாய்டுகள் அடக்கும் நொதியான அடினைலேட் சைக்ளேஸ் ஈடுகட்டி மேலெழுவதற்கு அதைவிட நெடுநேரம் பிடிக்கும். ஒபியாய்டு விளைவை எதிர்க்கும் கோலிசிஸ்டோகைனினும் ஒரு பெப்டைடே என்பது பலர் விட்டுவிடும் குறிப்பு. அதன் ஏற்பியைத் தடுத்தால் எலிகளில் மார்பின் தாங்குதிறன் மட்டுப்படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கற்றல் சார்ந்தது. உளவியலாளர் ஷெப்பர்டு சீகல் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், மார்பின் வழக்கமாகக் கிடைத்த சூழலில் எலிகளிடம் தாங்குதிறன் தெளிவாகத் தெரிந்தது. புதிய சூழலில் அது பெரிதும் குறைந்தது. மூலக்கூறு விளக்கத்தோடு மட்டும் விடையை முடித்துக்கொண்டால், இந்த முடிவுக்கு அதில் இடமே இருக்காது.