பாரிஸின் மேடும் பள்ளமும்: ஒரு சைக்கிள் நாட்குறிப்பு

ஜூன் 4, 2025, புதன்

மகள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. இதுவரை பார்த்த பாரிஸ் எல்லாம் மெட்ரோ படி ஏறி வெளியே வந்து நின்ற இடங்கள்தான். ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. பொள்ளாச்சியில் முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவளுக்கு இது பொறுக்கவில்லை. "சைக்கிள் எடுத்துக்கறேன்" என்றேன். "அம்மா, இங்கே வண்டியெல்லாம் வலப்பக்கம் போகும்மா" என்று பயந்தாள். அப்புறம் அவளே மாதச் சந்தா கட்டிக் கொடுத்தாள்.

2007 ஜூலை 15-ல் தொடங்கிய பொது சைக்கிள் திட்டம் இது. பெயர் வேலிப். பிரெஞ்சில் சைக்கிளையும் விடுதலையையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்து வைத்த பெயராம். நமக்கு வேலி என்றால் அடைப்பு. அங்கே அதே ஒலி அடைப்பைத் திறந்து விடுகிறது. பச்சை நிறம் மிதிவண்டி, நீலம் பேட்டரி வண்டி. சந்தாக்காரர்களுக்குப் பச்சையில் முதல் 30 நிமிடத்துக்குக் காசில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகளில் எதில் வேண்டுமானாலும் விடலாம். சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தால் அந்த வண்டியைத் தொடக்கூடாது என்றாள் மகள். பழுது என்று அடுத்து வருபவருக்குத் தெரிய, ஓட்டியவர்களே அப்படித் திருப்பிவிட்டுப் போவார்களாம். யாரென்றே தெரியாத ஒருவருக்காகச் செய்கிற காரியம். கேட்கவே நன்றாக இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

லா ஷப்பேலுக்குப் போனேன். மாணிக்க விநாயகர் கோயில், மளிகைக் கடைகள், புடவைக் கடைகள், கொத்துரொட்டி வாசனை. 1980-களிலிருந்து ஈழத்தமிழர்கள் வந்து உண்டாக்கிய தெருக்கள். இதெல்லாம் மெட்ரோவில் வந்தாலும் தெரிந்திருக்கும். காற்று மட்டும் தெரிந்திருக்காது.

வடக்கே பார்த்து மிதித்தபோது லேசான ஏற்றம், அப்புறம் நேர் எதிர்க்காற்று. மேற்கே மோன்மார்த்ர் குன்று, 130 மீட்டர். கிழக்கே பெல்வில் மேடு, 128 மீட்டர். நடுவில் இந்த இடம் ஒரு கணவாய்! பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலேயே வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். வடக்கே சான்-தெனி ஊருக்குப் போகும் பழைய சாலை இந்த இடைவெளியில்தான் போகிறது. இரண்டு பெரிய ரயில் நிலையங்களின் தண்டவாளங்களும் இதன் வழியாகத்தான். மலை விட்ட வழியில்தானே சாலை போகும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

கடையில் முருங்கைக்காய் வாங்கும்போது பையன் கேட்டான்: "அன்ரி, சைக்கிளிலயோ வந்தனீங்கள்?" காயை முன்கூடையில் குறுக்காக வைத்து, காற்றில் பறக்காமல் துப்பட்டாவால் கட்டிக் கொடுத்தான்.

ஜூன் 8, ஞாயிறு

ஸ்தாலின்கிராட் சதுக்கத்திலிருந்து சான்-மார்த்தான் கால்வாய் ஓரமாகப் பாஸ்தீய் சதுக்கம் வரை. பெரும்பாலும் இறக்கம்தான், அதிகம் மிதிக்கவே தேவையில்லை. காரணம் தண்ணீரிலேயே தெரிந்தது. நாலரை கிலோமீட்டரில் கால்வாய் 25 மீட்டர் இறங்குகிறது.

ஒரு மதகருகே வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். சுற்றுலாப் படகு ஒன்று உள்ளே வந்தது. பின்னால் கதவு மூடியது. தண்ணீர் மெல்ல வடிந்தது. என் கண் மட்டத்தில் இருந்த படகோட்டியின் தொப்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போயிற்று. பாசி படிந்த ஈரக்கல் சுவர் வரிசை வரிசையாக வெளியே வந்தது. பிறகு முன்கதவு திறக்க, அடுத்த படிக்கு நகர்ந்தது படகு. இப்படி ஒன்பது மதகுகள். நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவர 1802-ல் நெப்போலியன் ஆணையிட்ட திட்டத்தின் பகுதி இது. 1825-ல் திறந்தார்கள்.

பாதி வழியில் கால்வாய் மண்ணுக்குள் போய்விடுகிறது. மேலே மரங்களோடு அகலச் சாலை, பாஸ்தீய் பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. தக்காளி விற்கிறவர் காலுக்கடியில் படகு போய்க்கொண்டிருக்கிறது.

ஜூன் 11, புதன்

ரிவோலி வீதி. 2020-க்குப் பிறகு பெரும்பகுதியைச் சைக்கிளுக்கே விட்டிருக்கிறார்கள். தட்டை, வேகம், கூட்டம். லூவர் அருங்காட்சியகம் வந்ததும் போனதும் தெரியவில்லை. ஆற்றங்கரைச் சமவெளி அப்படித்தான், கால் எதையும் கற்றுக்கொள்வதில்லை. இடப்பக்கம் திரும்பும்போது இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மெனில்மொந்தான் ஏற்றம். நீல வண்டி எடு என்று மகள் கெஞ்சினாள். பச்சையையே எடுத்தேன்.

எல்லோரும் மேட்டிலிருந்து இறங்குவதற்கு எடுப்பார்கள், ஏறுவதற்கு யாரும் எடுக்கமாட்டார்கள். திட்டம் தொடங்கிய மறுவருஷமே மேட்டு ஸ்டாண்டுகளில் கொண்டுவந்து விடுகிறவர்களுக்கு இலவச நேரம் 15 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அப்படியும் கீழே சேரும் வண்டிகளை வேனில் ஏற்றித்தான் மேலே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

பாதி தூரம் மிதித்தேன். மீதி தூரம் உருட்டினேன். ஏறத்தாழ 20 கிலோ எடை, ஹேண்டில்பாரில் உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. மேலே நின்று திரும்பிப் பார்த்தால் தெரு நூல் பிடித்தாற்போல் இறங்கி, முடிவில் பொம்பிது கலை மையத்தின் நீலக் குழாய்கள். 1793-ல் க்ளோத் ஷாப் என்ற பிரெஞ்சுக்காரர், தூரத்திலிருந்து பார்த்துப் படிக்கும் தன் கைகாட்டித் தந்தியைச் சோதித்தது இந்த மேட்டில்தான். ஏன் இங்கே வந்தார் என்று மூச்சு வாங்க நின்றபோது புரிந்தது.

ஸ்டாண்டில் என் வண்டியைத் தவிர வேறில்லை. தள்ளிப் பூட்டி, பீப் ஒலி வந்ததும் நகர்ந்தேன். எதிர் பெஞ்சில் காத்திருந்த பெண் எழுந்து வந்தாள். சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றினாள். என்னைப் பார்த்து "மெர்சி" என்று நன்றி சொன்னாள். இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, சைக்கிளிலேயே சரிவில் இறங்கிப் போனாள்.